மோருக்குள் ஒரு பாட்டு

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறித் தெருவில் நாய்கூட நடமாடாத நேரத்தில், எங்கள் வீட்டிற்கு உறவினர் அறுவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தார்கள். விருந்தினர் வருகை எப்பொழுதும் சந்தோஷமான விஷயமே. ஆயினும், இருவருக்கென்று உறை ஊற்றிய தயிர் எண்மருக்கு மோராக வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுமானால், அந்த அற்புதத்தை நிகழ்த்திக்காட்ட உலகத்தில் தண்ணீர் ஒன்றினால்தான் முடியும். என் மனைவி இஞ்சியைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பெருங்காயமும் உப்பும் சேர்த்துத் தன்னால் இயன்ற மட்டும் மணத்தைக் கூட்டியிருந்தாள். வந்தவர்களுள் மூத்தவரான அண்ணாச்சி, டம்ளரைக் கையில் வாங்கி, அதன் அடியில் கிடந்த இஞ்சித் துணுக்கு தெளிவாகத் தெரிவதைக் கண்டு, புன்முறுவல் பூத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆய்ச்சி ஒருத்தி விற்ற மோரைப்பற்றிக் காளமேகப் புலவர் பாடிய பாட்டை ராகத்தோடு பாடத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பாட்டின் கருத்தைத் தமிழர் பலரும் அறிவர். நீர் வானத்தில் இருக்கும்போது மேகம் என்று ஒரு பெயர். தரைக்கு வந்தபின் நீர் என்று ஒரு பெயர். ஆய்ச்சியரின் கைக்கு வந்துவிட்டாலோ மோர் என்று மூன்றாவதாக ஒரு பெயர். இவ்வாறு ஒரே பொருள் முப்பேரும் பெற்றுவிட்டது என்பது புலவர் கண்ட தத்துவம். பாட்டு முடிந்ததும் கூடம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. என் மனைவி சிரித்துக்கொண்டே, "மேகமும் தண்ணி, மோரும் தண்ணின்னா, பாடுன காளமேகமும் தண்ணிதானே அண்ணாச்சி?" என்றாள். ஒரு கணம் திகைத்த அண்ணாச்சி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பி, "தாயே, புலவரையே கரைச்சுட்டியே, இன்னொரு டம்ளர் ஊத்து" என்றார். அன்றைய மோர் அமிர்தமாயிற்று என்று நான் சொன்னால், அது உபசாரத்திற்காகச் சொல்லும் வார்த்தையன்று.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாடப்பெற்ற நான்கு அடிகள், வெயிலில் வாடி வந்த மனிதர்களையும் சங்கடத்தில் நின்ற ஒரு கிருகிணியையும் ஒரே சிரிப்பில் சேர்த்துவிட்ட அந்தக் காட்சியை நான் பலநாள் எண்ணிப்பார்த்தேன். கவிதை என்றால் கண்ணீரும் கர்ஜனையும்தான் என்றும், மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை என்றும் நாம் பழகிப்போய்விட்ட இந்தக் காலத்தில், மோரும் சோறும் அடுப்பும் பாட்டுக்குப் பொருளாக இருந்த ஒரு பெரிய சம்பத்து நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. அதை இறக்கித் துடைத்து மீண்டும் கூடத்தில் வைக்கவேண்டும் என்பதே நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம்.

பதினைந்தாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் காளமேகம், கர்ண பரம்பரையாக வழங்கும் வரலாற்றின்படி, ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகராக வேலை பார்த்தவர். திருவானைக்காவில் அம்பிகையின் அருளால் கவி பாடும் ஆற்றல் பெற்றவர். அடுப்படியின் புகையையும் சோற்றின் அருமையையும் அறிந்தவராதலால்தான், நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த இரவை அவரால் அவ்வளவு நுட்பமாகப் பாட முடிந்தது போலும். சூரியன் அஸ்தமிக்கும் வேளையில்தான் அந்தச் சத்திரத்திற்கு அரிசி வந்து இறங்கும். அதைக் குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழுவதற்குள் கிழக்கே வெள்ளி முளைத்துவிடும் என்பது அவருடைய புகார். சத்திரத்துத் தலைவரான காத்தான் மனம் வருந்தவே, புலவர் அதே வெண்பாவுக்கு வேறு பொருள் கூறினார் என்பர். நாட்டில் அரிசி அஸ்தமித்துப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும். உலையில் இட்ட சோற்றினால் ஊரார் பசி அடங்கும். இலையில் விழும் அன்னத்தின் வெண்மையைக் கண்டு வெள்ளி மீன் வெட்கி எழுந்துவிடும். ஓர் எழுத்தையும் மாற்றாமல் வசவு வாழ்த்தாகிவிட்டது. இன்று ஓட்டலில் காபி வரத் தாமதமானால் நாம் மேஜையைத் தட்டுகிறோம், முகத்தைச் சுளிக்கிறோம், வாக்குவாதத்தில் இறங்குகிறோம். வயிற்றெரிச்சலைச் சொல்லிவிட்டு, சொல்லப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கும்படி செய்த அந்த நாகரிகம் எவ்வளவு உயர்ந்தது!

இந்தச் சம்பத்து காளமேகம் ஒருவருடையது மட்டுமன்று. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களுள் ஒன்று, பாண்டியன் வீட்டுக் கல்யாணத்திற்குச் சென்று வந்த கதையைச் சொல்கிறது. தமிழில் 'உண்' என்னும் வினை சோற்றோடு மட்டும் நிற்பதன்று. அடியுண்டான், தள்ளுண்டான், கட்டுண்டான் என்றெல்லாம் பட்ட துன்பத்தையும் 'உண்டதாக'ச் சொல்வது நம் மொழியின் வழக்கு. அந்த மரபைப் பற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தாம் நெருக்கப்பட்டதையும் தள்ளப்பட்டதையும் பசியால் சுருண்டதையும் ஒன்றன்பின் ஒன்றாக 'உண்டேன், உண்டேன்' என்று அடுக்கி, சோறு ஒன்றைத்தான் உண்ணவில்லை என்று முடிக்கிறாள் அந்தக் கிழவி. இன்றைய கல்யாண மண்டபத்தில் முதற்பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் வந்து நின்று, உட்கார்ந்திருப்பவர் பாயசத்தை முடித்து இலையை மடிக்கும் கணத்தை எதிர்நோக்கி, நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த வெண்பாதான் நினைவுக்கு வரும். நினைவுக்கு வந்தவுடன், காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும். அதே ஔவையாரே, புல்வேளூர்ப் பூதன் என்னும் எளிய மனிதன் இட்ட வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காயையும் புளித்த மோரையும் உண்டு, அந்தச் சாப்பாட்டுக்கு உலகம் முழுவதும் விலையாகும் என்று பாடியிருக்கிறாள். அரண்மனைப் பந்தியில் கிடைக்காத மனநிறைவு குடிசை வாசலில் கிடைத்தது என்று உணர்ந்து சொல்ல, சிரிக்கவும் நெகிழவும் ஒருங்கே தெரிந்த உள்ளம் வேண்டும்.

சிரிப்பு வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அவர்கள் இரட்டைப் புலவர்களின் கதையைக் கேட்கவேண்டும். அவ்விருவரில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை; கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளில் சுமந்து நடக்க, காலில்லாதவர் வழிகாட்ட, ஊர் ஊராகச் சென்று, ஒரு வெண்பாவின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவருமாகப் பாடி வாழ்ந்தவர்கள். ஒருநாள் மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துணி துவைத்தபோது, இருந்த கந்தையும் நழுவித் தண்ணீரோடு போய்விட்டதாம். அடுத்தடுத்துத் தப்பினால் அதுவும் நம்மைத் தப்பாதா என்றார் ஒருவர். 'தப்புதல்' என்ற சொல்லுக்குத் துணியை அடித்துத் துவைத்தல் என்றும், பிடியிலிருந்து நழுவி ஓடுதல் என்றும் இரண்டு பொருள் உண்டு. நாம் அதைத் தப்பினோம், அது நம்மைத் தப்பிற்று! மற்றவரோ, கலிங்கம் போனால் என்ன, சொக்கலிங்கம் துணையிருக்கிறான் என்று பாட்டை நிறைவு செய்தார். கலிங்கம் என்றால் துணி. சொக்கலிங்கம் மதுரையில் கோயில் கொண்ட பெருமான். மாற்று வேட்டி இல்லாத நிலையில், நனைந்த உடம்போடு படித்துறையில் உட்கார்ந்து அவர்கள் சிரித்த சிரிப்பில் எவ்வளவு தைரியமும் பக்தியும் அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணும்போது என் கண்கள் கலங்குகின்றன.

நம் முன்னோர் நகையைச் சில்லறை விஷயமாகக் கருதியதில்லை. பரதருடைய நாட்டிய சாஸ்திரம் எட்டு ரசங்களை எண்ணும்போது சிருங்காரத்தை முதலில் வைத்து ஹாஸ்யத்தை இரண்டாவதாகச் சொல்கிறது. தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணப் புகும்போது நகையையே முதலாவதாக நிறுத்துகிறார். அது பிறக்கும் இடங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடத்தையும் வகுத்துக் காட்டுகிறார். திருவள்ளுவர் பண்புடைமை என்னும் நூறாவது அதிகாரத்தில், பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பட்டப்பகலிலும் இருளில் கிடப்பதாகும் என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். சிரிக்கத் தெரிவதை ஒரு திறமையாகச் சொல்லாமல், பண்பாகவே கொண்டு அவ்வதிகாரத்தில் அவர் வைத்திருப்பதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

வெண்பா என்னும் யாப்பே நகைச்சுவைக்கு வாகாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம். நான்கடி வெண்பாவில் முதல் மூன்று அடிகளுக்கு நான்கு நான்கு சீர்கள். கடைசி அடிக்கு மட்டும் மூன்றே சீர்கள். ஆக மொத்தம் பதினைந்து. மூன்று அடிகள் நிதானமாக நடந்து வந்த காது நான்காவது அடியிலும் அதே தூரத்தை எதிர்பார்த்துக் காலை எடுத்து வைக்கிறது; ஆனால் படி ஒன்று குறைந்துபோய், எதிர்பாராத இடத்தில் தரை வந்துவிடுகிறது. அந்தச் சிறு அதிர்ச்சியில் விகடம் வந்து உட்காருமானால் சிரிப்பு தானே வெடிக்கும். காளமேகத்தைச் சோதிக்க எண்ணிய ஒருவர், செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடித்து முருகப்பெருமானைப் பாடவேண்டும் என்று கேட்டாராம். வாசலில் கழற்றி விடுவதும் மூலையில் சாத்தி வைப்பதுமான அந்த இரண்டு பொருள்களுக்கு நடுவே தெய்வத்தை எவ்வாறு கொண்டுவருவது? புலவர் 'செருப்புக்கு' என்பதைச் செரு, புக்கு என்று பிரித்துப் போர்க்களத்திற் புகுவதாக்கினார், 'விளக்குமாறு' என்பதை விளக்கிச் சொல்லும் வழியாக்கினார், வேலவன் வந்துவிட்டான். இழிந்தது என்று நாம் ஒதுக்கும் சொல்லுக்குள்ளும் தெய்வம் நிற்க இடம் இருக்கிறது என்று அந்த விளையாட்டு காட்டிவிட்டது.

இந்த விளையாட்டு அரண்மனைகளில் மட்டும் நடந்தது என்று எண்ணவேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் தாத்தா, இரவில் மின்சாரம் நின்றுபோகும் நாட்களில், பேரப்பிள்ளைகளான எங்களைத் தார்சாவில் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்து, ஈற்றுச் சொல் ஒன்றைக் கொடுத்துப் பாட்டுக் கட்டச் சொல்வார். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற இலக்கண விதியை அவர் எங்களுக்குச் சமையலறையைக் கொண்டே கற்பித்தார். "நாள்னா மோர்; மலர்னா புளி; காசுன்னா சோறு; பிறப்புன்னா அடுப்பு. நாலும் ஆச்சிகிட்ட இருக்கு, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்தும் மனத்தில் தங்காத விதி, அந்த நான்கு சொற்களால் என்றைக்கும் அழியாமல் தங்கிவிட்டது.

ஒருநாள் இரவு அவர் 'அடுப்பு' என்று ஈற்றுச் சொல் கொடுத்தார். புழுக்கம் தாங்காமல் ஆளுக்கொரு பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஆச்சி விறகு அடுப்பின் முன் தோசை வார்த்துக்கொண்டு, மின்சாரத்தையும் விறகின் ஈரத்தையும் தாத்தாவையும் ஒரே மூச்சில் கண்டித்துக்கொண்டிருந்தாள். பத்து வயதான என் அத்தை மகள் விரல்விட்டு எண்ணி எண்ணி, தாத்தா ஓரிடத்தில் மட்டும் தளை தட்டியதைத் திருத்திக் கொடுக்க, இரண்டே அடிகளில் ஒரு குறள் வெண்பாவைக் கட்டிவிட்டாள்:

மின்சாரம் போனாலென் வெப்பம் குறையாது
என்வீட்டில் ஆச்சி அடுப்பு

ஆச்சியினுடைய அடுப்பு என்றும் கொள்ளலாம்; ஆச்சியே அடுப்பு என்றும் கொள்ளலாம். தாத்தா இரண்டு பொருளையும் கண்டுகொண்டு, மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அடுப்படியில் ஒரு கணம் மௌனம் நிலவியது. பிறகு தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடியே நிலைப்படிக்கு வந்த ஆச்சி, எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "ஏட்டி, ஆச்சியை அடுப்புன்னு பாடினது நீதானா? வா, இன்னைக்கு மொதத் தோசை உனக்குத்தான்" என்றாள். அந்த மேதை அதன்பிறகு கணக்குப் படித்து வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றுவிட்டாள். ஆச்சியும் தாத்தாவும் காலகதி அடைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் அந்த இரண்டடி ஒருமுறை சொல்லப்படாமல் இருப்பதில்லை. சொன்னவுடன் ஆச்சி நிலைப்படியில் வந்து நிற்கிறாள். எங்களிடம் உள்ள அவளுடைய புகைப்படம் எதிலும் அவள் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டில் மட்டும்தான் சிரிக்கிறாள்.

நகைச்சுவைக் கவிதை வீட்டோடு நின்றுவிடாமல் சமூகத்தின் கண்ணையும் திறந்திருக்கிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டில் வழங்கிய, சொத்து சொந்த மக்களுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்குச் சேரும் மருமக்கள் தாய முறையால் மனைவியும் மக்களும் பட்ட அல்லலை, ஐந்து மனைவியரை மணந்த ஒருவரின் ஐந்தாவது மனைவியின் வாய்மொழியாகவே 'மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் பாடினார். சொத்து யாருக்கு என்ற கேள்வியில் எரிந்துகொண்டிருந்த குடும்பங்களின் துயரத்தை, மாமியார் சண்டையும் சக்களத்தி சண்டையும் கலந்த வீட்டுப் பேச்சாக அவர் பாடியதால், சிரித்தவர்களே சிந்திக்கவும் தொடங்கினார்கள். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் இயற்றி அந்தத் தாயமுறையை மாற்றியது. சட்டத்திற்குப் பலருடைய உழைப்பு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூறு பிரசங்கங்கள் செய்யக்கூடிய வேலையை ஒரு பாட்டு சிரிக்கச் சிரிக்கச் செய்யும் என்பதற்கு அந்நூல் சாட்சியாக நிற்கிறது.

சிரிப்பு எல்லாம் நல்ல சிரிப்பு என்று நான் வாதிக்கவில்லை. பிறருடைய பிறப்பையும் உடற்குறையையும் வறுமையையும் எள்ளிப் பாடிய பாடல்களும் நம் தனிப்பாடல் திரட்டுகளில் உண்டு. அவற்றைப் பழைமையின் பெயரால் போற்றவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. யாரைக் குறித்துப் பாடினோமோ அவரும் உடன் சிரிக்கும்படி அமைவதே உத்தமமான ஹாஸ்யம். காத்தான் சிரித்தார், ஆச்சி சிரித்தாள், என் மனைவி சிரித்ததோடு அல்லாமல் புலவருக்குப் பதிலும் சொன்னாள். இதுவே நான் அறிந்த உரைகல்.

இன்று சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் நாளொன்றுக்கு நூறு துணுக்குகள் வந்து கொட்டுகின்றன. ஆனால் காலையில் படித்தது மாலையில் நினைவில் இல்லை. யாரோ எழுதி யாரோ அனுப்பியதை நாம் வேறு யாருக்கோ அனுப்புகிறோம். எதுகையும் மோனையும் தளையும் சேர்ந்து கட்டிய நான்கு அடிகளோ, அச்சு இயந்திரம் இல்லாத காலத்திலும் வாய்க்கு வாய் தாவி வந்து, ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டம்ளருக்குள் இறங்கின. நம் பிள்ளைகளுக்கு நாம் வெண்பாவைக் கற்பிக்கும் முறையோ அவர்களை அலகிடும் கணக்கோடு நிறுத்திவிடுகிறது. நேரசையையும் நிரையசையையும் மனப்பாடம் செய்து, வாய்பாட்டை எழுதி, மதிப்பெண் வாங்கி, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். பாட்டு சிரிக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

தமிழாசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: யாப்பிலக்கண வகுப்பின் முதல் நாளில் காத்தான் சத்திரத்துக் கதையைச் சொல்லுங்கள், விதிகளை மறுநாள் தொடங்கலாம். பெற்றோர்களை வேண்டிக்கொள்வதும் ஒன்று உண்டு. இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, மோர், புளி, சோறு, அடுப்பு என்னும் நான்கில் ஒரு சொல்லைக் குழந்தைகளிடம் கொடுத்து, அதில் முடியும்படி இரண்டு அடி கட்டச் சொல்லுங்கள். தளை தட்டினால் தட்டட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். கட்டிய குழந்தைக்கு முதல் தோசையைக் கொடுங்கள்.